மாதா திருநாளில் கஷ்கொட்டை இடித்தவள்

யூதித் ரூமஜோனைக் கல்நெஞ்சக்காரி என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்கிற வாய்க்கெல்லாம் என் அடுப்பிலிருந்துதான் ரொட்டி போகிறது. ஒரு நாளைக்காவது மாவில் ஒரு பிடி சாம்பலைக் கலந்தால் என்ன என்று கை பரபரக்கும். நான் பெரின், ஊர் ரொட்டி அடுப்புக்காரரின் மனைவி, அவளுக்கு எதிர்வீடு. பிறந்த வாரமே மாதா கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவள். அவள் பக்கம் பேச வேண்டுமென்று எனக்கு ஒரு தலையெழுத்தும் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தவள் நான். இந்த வாய்கள் எல்லாம் தெருவில் நின்றன.

மேல்பள்ளத்தாக்கிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் அவள். நெட்டை, ஒல்லி. நடக்கவே தெரியாது, ஓட்டம்தான். கிணற்றுக்கு ஓட்டம், ஆட்டுக்கு ஓட்டம், மாவுப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் அடுப்புக்கு ஓட்டம்.

"என்னடி, வீட்டுல தீப்பிடிச்சிருக்கா?" என்று கேட்பேன்.

"இன்னும் இல்லக்கா. நான் நின்னு பேசினா பிடிச்சிரும்" என்பாள்.

புருஷன் எசேக்கியேல் கம்பளி சிக்கெடுக்கிறவன். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதன். பேச்சும் கிடையாது. ஆனால் பாட்டு! எங்கள் பூசையில் கோவில்பிள்ளை பாடினால் ஆடு இருமுகிற மாதிரி இருக்கும். யூதித் வீட்டார் மாதாவும் பூசையும் வேண்டாமென்ற சீர்திருத்த மதத்தார். அவர்களுடைய சபையில் தாவீதின் சங்கீதத்தை எசேக்கியேல் எடுத்துக் கொடுக்க, அத்தனை பேரும் பின்னால் சேர்ந்து பாடுவார்கள். மாதா மன்னிக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் என் காது அந்தப் பக்கம்தான் இருந்தது.

தாத்தாக்கள் காலத்தில் இரண்டு மதத்தாரும் இந்த மலையில் வெட்டிக்கொண்டு செத்தார்கள். பிறகு ஒரு பழைய ராஜா, அவரவர் வழியில் இருந்துகொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். ஊர் மூச்சு விட்டது. அவருடைய பேரனான இப்போதைய ராஜாவுக்கு அது பொறுக்கவில்லை. தான் கும்பிடுகிற மாதிரியே நாடு முழுக்கக் கும்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ராஜாவை யார் கேட்பது? வெர்சாய் அரண்மனையில் அவர் தும்மினால் இங்கே எங்களுக்குச் சளி பிடிக்கும். அவர்களுடைய கோவிலை இடித்தார்கள், போதகரை நாடு கடத்தினார்கள். அதற்கும் மசியாதவர்கள் வீட்டில் குதிரைப்படைச் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்க வைத்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒருத்தனும் வரவில்லை. எதிர்வீட்டுக்கு நாலு பேர். யூதித் அப்போது பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பாவிகள் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து முரசு அடித்தார்கள். கண் மூடினால் அடி, குழந்தை பால் குடிக்க ஆரம்பித்தால் அடி. தூங்கவிடாமல் செய்தால் எப்பேர்ப்பட்ட பிடிவாதமும் கரையும் என்பது அவர்களுக்குத் தெரியும். யூதித் கரையவில்லை, பைத்தியம் பிடித்தவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கரைந்தது எசேக்கியேல்தான். ஊர்ச் சாவடிக்குப் போய், "கத்தோலிக்க மதத்தில் சேர்கிறாயா?" என்று கேட்டதற்கு "ஆமாம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தான். முரசு நின்றது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. மூத்தவள் லிதி மட்டும் மிஞ்சினாள்.

அப்புறம் அவர்கள் மதத்தார் மற்ற எல்லோரும் மாறினார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'புதுசுகள்'. பூசைக்கு வந்து எப்போது மண்டியிடுவது, எப்போது எழுவது என்று தெரியாமல் விழிப்பார்கள். நான் யூதித்துக்குப் பின்வரிசையில் இருந்துகொண்டு அவள் குதிகாலைக் கிள்ளுவேன். ஒரு கிள்ளு என்றால் மண்டியிடு, இன்னொரு கிள்ளு என்றால் எழுந்திரு.

"அக்கா, உங்க சாமிக்கு நம்மள உட்காரவிடவே பிடிக்காதா?" என்று கிசுகிசுப்பாள்.

"வாயை மூடுடி. சாமியார் பார்க்கறார்."

அடுத்த இலையுதிர் காலத்தில் எசேக்கியேலுக்கு இருமல் வந்தது. கைக்குட்டையில் ரத்தம். வைத்தியரைக் கூப்பிட முடியாது. நோயாளி புதுசு என்றால் வைத்தியர் போய்ச் சாமியாரிடம் சொல்லியாக வேண்டும், சட்டம். சாமியார் நற்கருணை அப்பத்தோடு வருவார். படுக்கையில் கிடப்பவன் அதை வேண்டாம் என்று சொல்லிச் செத்தால், பிணத்தைத் தட்டியில் குப்புறப் போட்டுத் தெருத்தெருவாக இழுத்து ஊர்க்குப்பையில் எறிவார்கள். வீடும் தோட்டமும் ராஜாவுக்கு. பிள்ளை மடத்துக்கோ வேறொரு கத்தோலிக்க வீட்டுக்கோ.

எசேக்கியேலோ அந்த 'வேண்டாம்' சொல்லத்தான் துடித்தான். ஒரு நாள் நான் சூப்போடு போனபோது என் காதில் விழுந்தது.

"அன்னிக்கு அந்த ஒரு வார்த்தை சொன்னேன் பாரு, அதான், யூதித், என் நெஞ்சுல நிக்குது. இருமி இருமிப் பார்க்கிறேன், வெளிய வரமாட்டேங்குது. சாமியாரைக் கூப்பிடு. அவர் முகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடறேன்."

"நல்லாப் போவீங்க! நீங்க போயிடுவீங்க, லிதியை யாரு தூக்கிட்டுப் போவா தெரியுமா? உங்களுக்குச் சாகணுமா, சாகுங்க. ஆனா சத்தம் போடாம சாகுங்க."

சொல்லிவிட்டு அவளே அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் சூப்பை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவள் போட்ட கணக்கு இதுதான். மலைமேல் குடிலில் கஷ்கொட்டை உலர்த்துகிற காலம் அது. எங்கள் மலையில் கோதுமை கொஞ்சம்தான், குளிர்காலம் முழுக்க ரொட்டியைவிடக் கஷ்கொட்டைதான் சாப்பாடு. உலர்த்துகிற தீயைப் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். அதனால் ஒருத்தன் வாரக்கணக்கில் தெருவில் தட்டுப்படாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். 'எசேக்கியேல் குடிலில் இருக்கிறார்' என்று சொல்லிவிட்டு அவனை உள்ளறையில் ஒளித்து வைத்தாள். நெஞ்சடைத்துத் திடீரென்று போய்விட்டான் என்றால் யாருக்கும் குற்றமில்லை. சாமியாருக்கே நேரம் கிடைக்கவில்லை என்று முடிந்துவிடும்.

எல்லாம் சரி, அவன் பாடாமல் இருந்தால்! காய்ச்சல் ஏறினால் சங்கீதம் வந்துவிடும். குரல் உடைந்து போயிருந்தாலும் சுவரைத் தாண்டும். சங்கீதம் பாடினாலே சிறை. அதற்கும் யூதித் ஒரு வழி கண்டுபிடித்தாள். உலர்ந்த கஷ்கொட்டையைச் சாக்கில் போட்டு மரக்கட்டையில் ஓங்கி ஓங்கி அடித்துத்தான் தோலெடுப்போம். அவன் பாட ஆரம்பித்ததும் அவள் முற்றத்துக்கு ஓடி வந்து சாக்கை அடிப்பாள். தெரு அதிரும்.

"என்னம்மா, ராஜாவோட பட்டாளத்துக்கே நீதான் சமையலா?" என்று கிணற்றடியில் கேலி பேசினார்கள்.

"எங்க வீட்டுக்காரர் நல்லாச் சாப்பிடுவார்" என்றாள் முகம் மாறாமல்.

ஒரு நாள் நான் சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கஷ்கொட்டையே இல்லை, வெறும் தூள். அடித்த தோலையே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறாள். அவள் உள்ளங்கை இரண்டும் வெடித்திருந்தன. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கஷ்கொட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தேன், அடிக்கிறதுதான் அடிக்கிறாள், எனக்காவது உதவட்டும் என்று சொல்லிக்கொண்டு. எதிர்வீட்டில் சத்தம் கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும், கேட்காவிட்டாலும் அடித்துக்கொள்ளும். ரொட்டியை இரண்டு தடவை தீய விட்டேன். என் வீட்டுக்காரர், "உனக்கு என்ன, பேய் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

டிசம்பரில் மாதா திருநாள் வந்தது. அன்றைக்கு யாரும் வேலை செய்யக் கூடாது. ஊசியில் நூல் கோர்த்தால்கூட அபராதம். எங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த பாடம். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு நாள், புனிதர் திருநாள் மாதா திருநாள் எதுவும் கிடையாது. முந்தின ஞாயிறு சாமியார் பூசையில் அறிவித்திருந்தார், யூதித் அங்கேதான் இருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருப்பாள், பாவம்.

பூசை முடிந்து ஊரே கோவில் வாசலில் புதுத்துணியோடு நின்றது. தெருக்கோடியிலிருந்து கேட்டது, தொம், தொம், தொம்.

அடுத்த நொடி ஓடினேன், என் வயதுக்கும் என் உடம்புக்கும் ஓடக் கூடாத ஓட்டம். கோவில்பிள்ளை இளங்கால்காரன், முந்திக்கொண்டான். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் முற்றத்தில் நின்று, "புதுசுன்னாலும் இவ்வளவு திமிரா? மாதா திருநாள்ல இடிக்கிறியா?" என்று கத்திக்கொண்டிருந்தான். யூதித்தின் கையிலிருந்து சாக்கு நழுவியது. சத்தம் நின்றதும் உள்ளறையிலிருந்து சங்கீதம் தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மணி ஆட்டிக்கொண்டு நற்கருணை வந்தது. வழக்கப்படி ஊரே பின்னால் வந்தது. கட்டிலருகே இடம் கொஞ்சம்தான். அண்டைவீட்டுக்காரி என்று நான் உள்ளே நுழைந்து யூதித்துக்குப் பின்னால் மண்டியிட்டேன். எசேக்கியேலுக்கு அதற்குள் குரல் போய்விட்டது. ரத்தமாகக் கக்கியிருந்தான். சாகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயை எடுத்துவைத்துவிட்டு, சாமியார் அப்பத்தை உதட்டருகே கொண்டுபோனார். பல்லைக் கடித்துக்கொண்டான்.

எங்கள் சாமியார் கெட்டவர் இல்லை. தட்டியில் பிணம் போவதைப் பார்க்க அவருக்கும் ஆசையில்லை. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு யூதித்திடம் குனிந்தார்.

"இந்தாம்மா, அவனால வாயைத் திறக்க முடியல, எனக்குப் புரியுது. நீ பொண்டாட்டி. அவனுக்கு விருப்பம்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். அவன் நல்லபடியா அடக்கம் ஆவான். வீடு உனக்கு, பிள்ளை உனக்கு. ஆமாம்னு சொல்லு."

எனக்கு உயிர் திரும்ப வந்தது. மாதாவே, உன் திருநாளில் உன் கருணையே கருணை! யூதித்தின் குதிகாலைக் கிள்ளினேன். எசேக்கியேல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கெஞ்சவில்லை, கோபிக்கவில்லை, சும்மா பார்த்தான். நான் இன்னும் அழுத்திக் கிள்ளினேன். சொல்லித் தொலைடி, சனியனே, ஒரு வார்த்தைதானே! தோல் உரியும்வரை கிள்ளினேன்.

அவள் எழுந்து நின்றாள்.

"இல்ல சாமி. அவருக்கு வேண்டாம். எனக்காக ஒரு தடவை ஆமாம்னு சொல்லிட்டு இத்தனை நாளா அவர் பட்டது போதும். எனக்கும் வேண்டாம்."

சத்தமாகச் சொன்னாள், தெருவரைக்கும் கேட்டது. எசேக்கியேல் கடித்திருந்த பல்லை விட்டான். அன்று மாலைக்குள் போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் விவரமாகச் சொல்ல என் வாய் வராது. தட்டி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை. சாத்தினால் அவனுக்கு மரியாதை இல்லை என்று தோன்றியது. யூதித்தைக் கடலோரக் கோபுரச் சிறைக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. சிப்பாய்களுக்கு நடுவிலும் ஓட்டமாகத்தான் வந்து ஏறினாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உனக்கு அறிவிருக்காடி? பெத்த பொண்ணை நினைச்சியா? ஒரு வார்த்தைல எல்லாம் போச்சே!" என்று தெருவென்றும் பாராமல் கத்தினேன்.

"நினைச்சேன்க்கா. அக்கா எதிர்லதானே இருக்கீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

வண்டி போய்விட்டது. அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது? நேராகச் சாமியாரிடம் போய், லிதியை என் வீட்டில் நல்ல கத்தோலிக்கப் பெண்ணாக வளர்க்கிறேன் என்று சிலுவையைத் தொட்டுச் சொன்னேன். சொன்னபடிதான் செய்கிறேன். பூசைக்குக் கூட்டிப் போகிறேன், ஜெபமாலை சொல்லித் தருகிறேன். நன்றாகவே சொல்கிறாள்.

ஆனால் ஆட்டுக்கு இலை போடும்போது அவளுக்குத் தன்னாலே சங்கீதம் வந்துவிடும். அப்பன் குரல், அப்படியே. முதல் தடவை கேட்டபோது கையை ஓங்கிவிட்டேன். அவள் பயந்து நிறுத்தினாள். வீடு திடீரென்று வெறிச்சென்று ஆகிவிட்டது. ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், மூலையில் கிடந்த கஷ்கொட்டைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்க் கட்டையில் அடித்தேன். தொம், தொம் என்று தெரு அதிர்ந்தது. கொஞ்சம் கழித்து உள்ளே பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

"என்ன பெரினம்மா, நீயுமா பட்டாளத்துக்குச் சமைக்கிறே?" என்று கிணற்றடியில் கேட்கிறார்கள்.

"ஆமாம், உங்களுக்கு என்ன போச்சு?" என்கிறேன்.

யூதித் செய்த தப்பை மட்டும் நான் செய்யமாட்டேன். எந்தத் திருநாள் எப்போது வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்த வருஷமும் டிசம்பர் வந்தது. காலையில் பூசைக்குக் கிளம்பும்போது லிதியின் தலையை வாரிவிட்டுக்கொண்டே சொன்னேன்.

"இன்னிக்கு மாதா திருநாள்டி. இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு. நாளைக்குப் பாடலாம்."