கண்ணை மூடினால் வயல்

வயல் விளைந்து நிற்கிற நேரம் பார்த்துத்தான் எனக்குப் பிரஷர் ஏறியது. ஒட்டுசுட்டானில் கிளினிக்குக்குப் போனால், டொக்டர் அளந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"மாத்திரையைக் கூட்டியும் இறங்கேல்லை. கொஞ்சம் இருங்கோ, திரும்ப அளப்பம். அப்பவும் இப்பிடியெண்டால் வார்ட்டிலை மறிக்கத்தான் வேணும்."

வீட்டில் என் மனுசன், இவர் ஒற்றை ஆள். யானை இறங்குகிற வயலுக்கு ஒருவர் காவல் போதாது. ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் முழித்திருக்க வேண்டும். அறுவடை மெசின் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. நான் போய் வார்ட்டில் படுத்தால் எங்கள் போகமும் படுத்துவிடும்.

காத்திருந்த எங்களை மன ஆறுதலுக்கென்று வந்திருந்த ஒரு இளம் பெண்பிள்ளையிடம் அனுப்பினார்கள். டவுனில் வளர்ந்த பிள்ளை, இனிமையான குரல். கதிரைகளை வட்டமாகப் போட்டு, எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னது.

"நல்லா விளைஞ்ச ஒரு வயலை நினையுங்கோ. மெல்லிய காத்து. சுத்திவர ஒருத்தருமில்லை. நீங்கள் மட்டும் வரம்பிலை நிக்கிறீங்கள்."

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பக்கத்திலிருந்த ஐயா கண்ணைத் திறந்தே விட்டார்.

"விளைஞ்ச வயலிலை ஏன் பிள்ளை ஒருத்தருமில்லை? காவலுக்கு நிண்டவன் எங்கை போனவன்?"

"கையிலை யானை வெடி இருக்கோ எண்டதையும் சொல்லுங்கோ," என்றார் இன்னொரு அம்மா. எல்லாரும் சிரித்தோம். பிள்ளையின் முகம் வாடிப்போய்விட்டது.

"உங்களுக்குப் பழகின இடமெண்டு நினைச்சன்."

"பழகினபடியாலைதான் பிள்ளை," என்றேன்.

பிறகு, ஒரு வேலையுமில்லாத இடமாக அவரவரே தேடச் சொன்னது. தேடினேன். குசினிக்குப் போனால் கழுவாத சட்டிகள். கிணற்றடிக்குப் போனால் ஊறப்போட்ட உடுப்பு. கோயிலுக்குப் போகலாமென்றால், வைத்த நேர்த்திக்கடனை இன்னும் செய்யவில்லை. அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொந்த மண்டைக்குள்ளேயே எனக்கு இருக்க இடமில்லையே என்று எரிச்சல் வந்தது.

கடைசியில் ஒரு கட்டில் வந்தது. இரும்புக் கட்டில், வெளுத்த விரிப்பு, மேலே சுழலும் ஃபான். யாரோ சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நான் சமைத்த சோறு இல்லை. என்னை ஒருவரும் எழுப்பவில்லை. இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கியது. அது வார்ட் கட்டில் என்று சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. விளங்கிய பிறகும் நான் எழும்பவில்லை.

நேர்ஸ் கையில் பட்டியைச் சுற்றித் திரும்ப அளந்தார்.

"நல்லா இறங்கியிருக்கு அம்மா. மறிக்கத் தேவையில்லை, வீட்டை போகலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிவிட்டார். வீட்டுக்குப் போகச் சொன்னதற்குத்தான் அழுதேன் என்றால் யார் நம்புவார்கள்?

வெளியே வர, வீட்டிலிருந்து இவர் போனில் கூப்பிட்டார்.

"மறிச்சுப் போட்டினமோ?"

"இல்லை. விட்டிட்டினம்."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அப்ப கெதியா வாரும். நீர் வந்தால்தான் நான் கொஞ்சம் படுக்கலாம்."

"ஓம், வாறன்," என்றேன்.