கிள்ளானுக்குப் போகாத பெயர்

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில். நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்த கிடங்கு கிள்ளானில். நிரலை நாங்கள் 'கிட்' என்ற அமைப்பில் வைத்திருந்தோம். அவர்களோ பழைய எஸ்விஎன்னை விட்டு நகரமாட்டோம் என்று அடம்பிடித்தார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று நினைவில் வைப்பதுதான் இரண்டுக்கும் வேலை. ஆனால் ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. இங்கே செய்த மாற்றத்தை அங்கே கொண்டுசேர்க்க, எனக்கு முன் இருந்தவர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தார். அதைக் கட்டி மேய்ப்பது என் பொறுப்பு.

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குத் தகுதிகாண் காலம் முடியும் வாரம் அது. அவளை நிரந்தரமாக்க கிள்ளான் பொறுப்பாளரின் ஒப்புதலும் வேண்டும். அவர் போன் செய்தார்.

"பாஸ், அந்தப் பொண்ணு வேலையே செய்யலயே லா. எங்க பக்கம் ஒண்ணுமே வரல. எப்படி கன்ஃபர்ம் பண்றது?"

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. கிடங்கு வாசலில் லோரிகளைப் பதிவுசெய்யும் திரை முழுக்க அவள் எழுதியது. நானே சோதித்துப் பார்த்தது.

ஸ்கிரிப்ட்டைக் கிளறினேன். அது ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு போல்டர் போட்டு, அவர் செய்த மாற்றங்களை அதில் வைத்து அனுப்பும். நாங்கள் எல்லாரும் கிட்டில் சுருக்கப் பெயர்தான் போட்டிருந்தோம். அவள் மட்டும் அடையாள அட்டையான ஐசியில் உள்ளபடியே போட்டிருந்தாள்: தன் பெயர், இன்னாரின் மகள் என்பதற்கு நம் ஊரில் எழுதும் 'ஏ/பி', பிறகு அப்பா பெயர். கணினிக்கு அந்தச் சாய்கோடு என்றால் போல்டருக்குள் இன்னொரு போல்டர். அவள் வேலை மொத்தமும் உள்ளே போய் உட்கார்ந்திருக்க, ஸ்கிரிப்ட் வெளிப்போல்டரை மட்டும் எட்டிப்பார்த்துவிட்டு நடையைக் கட்டியிருக்கிறது. என் ஐசியிலும் அதே கோடு உண்டே என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"பேர மட்டும் சுருக்கிப் போடும்மா, உடனே போயிரும்," என்றேன்.

"அப்பா பேர வெட்டமாட்டேண்ணே. ஸ்கிரிப்ட்ட மாத்துங்க."

பிடிவாதக்காரி. ஆனால் நியாயம் அவள் பக்கம். வாங்கிவைத்த தே தாரிக் ஆறுவதற்குள் ஸ்கிரிப்ட்டைத் திருத்திவிட்டேன். மதியத்துக்குள் அவள் எழுதியது எல்லாம் முழுப்பெயரோடு கிள்ளானில் போய் இறங்கியது. "ஐயோ, இவ்வளவுமா!" என்றார் பொறுப்பாளர். வெள்ளிக்கிழமை அவளுக்கு வேலை நிரந்தரமானது. எனக்கே கிடைத்தது போல் சந்தோஷம்.

அன்று மாலை கறிபாப் பொட்டலத்தோடு வந்தாள்.

"எங்கப்பா பண்டமாரான்ல லோரி ஓட்டுறாருண்ணே. திங்கக்கிழமை அந்தக் கிடங்குக்குத்தான் கண்டெய்னர் எடுத்துட்டுப் போறாரு," என்றாள். "அவருக்கு முன்னாடியே அவர் பேரு உள்ள போயிருச்சு."