பத்து வோல்ட்டுக்குள் மூன்று மாதம்

கம்ப்யூட்டரில் ஒரு கார்டைச் செருகி, ஏறி இறங்குகிற வோல்ட்டாக அனலாக் அலை வரவழைக்கிற தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: திரையில் வரைகிற அலை வேறு, கம்பியில் வருகிற அலை வேறு. இதில் நொந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். புரியாவிட்டால் தப்பு என்னுடையது.

எனக்கு ஊர் எரியோடு. பிளஸ் டூ முடித்தேன். அதற்கு மேல் வகுப்பில் உட்காரப் பொறுமை இல்லை. திண்டுக்கல்லில் பிலோமினா அக்கா நடத்துகிற பட்டறையில் சேர்ந்தேன். நூல் மில் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளை அங்கே ரிப்பேர் பார்ப்பார்கள். ரிப்பேர் ஆன போர்டுக்கு, சென்சார் தருகிற மாதிரியே பொய்யாக ஒரு சிக்னலைக் கொடுத்துச் சோதிப்பது என் வேலை. அந்தப் பொய்யைச் சொல்வது கார்டு. "மூணு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா. "அங்க நிலைக்கலைன்னா மறுநாளே மில் பஸ்ஸுல ஏறிக்க" என்றார் அப்பா. மில் வேலை ஒன்றும் கேவலம் இல்லை. எனக்கு இது பிடித்துவிட்டது, அம்புட்டுத்தான்.

ஸ்பீக்கர்

இரண்டாம் நாள். வளைந்து வளைந்து போகிற சைன் அலையைக் காதால் கேட்டுவிடலாமே என்று ஒரு பழைய ஸ்பீக்கரைக் கார்டில் நேராக மாட்டினேன். கார்டு பத்து வோல்ட் வரை தரும் என்று அட்டையில் போட்டிருந்தது. வந்ததோ கொசு அழுகிற சத்தம். மீட்டரை வைத்தால் வோல்ட்டையே காணோம். பிறகுதான் கையேட்டைப் புரட்டினேன். ஐந்து மில்லியாம்ப் கரண்டுக்கு மேல் தராதாம். ஸ்பீக்கர் மாதிரி இழுக்கிற சாமானுக்கு நடுவில் ஆம்ப்ளிஃபையர் வைக்க வேண்டுமாம்.

போர்டு கொண்டுவந்திருந்த வேடசந்தூர் மில் எலக்ட்ரீஷியன் ராசு அண்ணன் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கார்டு செத்திருந்தால் என் வேலையும் அன்றே செத்திருக்கும். அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை போட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி. என்னிடம் கேட்டது மட்டும் இதுதான்: "ஏந்தாயி, இது கரண்டா, இல்ல கரண்டோட போட்டோவா?"

படிக்கட்டு

பேரிங் அதிர்வைப் பார்க்கிற போர்டு ஒன்று வந்தது. விநாடிக்கு இருபதாயிரம் அலை கொடுத்துச் சோதிக்க வேண்டும். எண்ணைத் தட்டினேன், கார்டும் தலையாட்டியது. அலைக்காட்டியில் பார்த்தால் சைன் அலைக்குப் பதிலாகக் கோணல் மாணலாக ஒரு படிக்கட்டு. போர்டு சரியில்லை என்று எங்கள் பட்டறை சேகர் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அதை ஈயம் வைத்து ரிப்பேர் பார்த்தவர் அவர்தான். கொஞ்சம் யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை.

எங்கள் கார்டால் விநாடிக்கு ஒரு லட்சம் புள்ளிதான் போட முடியும். இருபதாயிரம் அலைக்குப் பங்கு வைத்தால் ஒரு அலைக்கு ஐந்து புள்ளி. ஐந்து புள்ளியில் எங்கிருந்து வளைவு வரும்? சேகர் அண்ணன் கோபப்படவில்லை, ஈயக்கம்பியைக் கூடக் கீழே வைக்கவில்லை. "சிறுமலைக்குப் பதினெட்டு வளைவு. நீ அஞ்சே வளைவுல பஸ்ஸை மேல ஏத்தப் பாக்குற."

பாதியில் நின்ற அலை

நீளமான அலையைக் கார்டு தனக்குள் வைத்துக்கொள்ளாது. அதன் நினைவகம் சின்னது. கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். இது தெரியாமல், சோதனை ஓடும்போதே என் போனிலிருந்து தங்கச்சி சடங்கு வீடியோவை அதே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அலை பாதியில் நின்றது. கார்டு தண்டம் என்று கத்தினேன். சேகர் அண்ணன் போனைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "தண்ணி லாரி வரலைன்னா டேங்க் காயத்தான் செய்யும். அதுக்குக் குழாயப் போட்டு ஏன் வையிற?"

சிவப்புப் பொத்தான்

மூன்றாவது மாதக் கடைசி. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற டிரைவ் ஒன்றை மில்லிலேயே சோதித்துக் காட்டச் சொன்னார்கள். லேப்டாப்பும் கார்டுமாக வேடசந்தூர் போனேன். பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏறி இறங்குகிற அலை. நூல் சுற்றும் மெஷின் அதற்கேற்ப வேகம் எடுத்தது, குறைந்தது. பார்க்கவே ஆசையாக இருந்தது. போதும் என்று லேப்டாப்பில் ஸ்டாப்பை அமுக்கினேன்.

மெஷின் நிற்கவில்லை. அலை உச்சியில் இருந்தபோது அமுக்கியிருக்கிறேன். புரோகிராம் நின்றாலும் கார்டு கடைசி வோல்ட்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒன்பது வோல்ட்டில் மோட்டார் பறந்தது, நூல் அறுந்து என் முகத்தில் அடித்தது. நான் திரையில் எதை எதையோ அமுக்கினேன். பக்கத்தில் வேலை பார்த்த முத்துலட்சுமி அக்கா ஒரே எட்டில் வந்து மெஷினில் இருந்த சிவப்புப் பொத்தானை அடித்தார். நின்றது. யாருக்கும் காயம் இல்லை. அவர் தன் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஏ புள்ள, நாங்க பொத்தான் எங்கன்னு பாத்துட்டுத்தான் மிஷின் கிட்டயே நிப்போம். நீ என்னடான்னா டிவிக்குள்ள தேடுற!"

ஜாப் ஷீட்

திரும்பி வரும் பஸ்ஸில் மூன்று பொய் யோசித்தேன். மூன்றுமே கேவலமாக இருந்தன. பார்த்த வேலையைக் குறித்து வைக்கிற ஜாப் ஷீட்டில் இப்படி எழுதினேன்: "டிரைவ் நன்றாக இருக்கிறது. கார்டும் நன்றாக இருக்கிறது. நிறுத்தும்போது கார்டுக்குப் பூஜ்ய வோல்ட் எழுத நான் மறந்தேன்." புரோகிராமைத் திருத்தி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, பிலோமினா அக்கா மேஜையில் வைத்தேன்.

அக்கா இரண்டு தடவை படித்தார். "இப்ப ஸ்டாப் அமுக்குனா?"

"பூஜ்யம் வருதுக்கா."

"புரோகிராமே பாதியில தொங்கிப்போச்சுன்னா?"

வரும் என்று சொல்லியிருந்தால் அப்போதைக்குத் தப்பித்திருக்கலாம். "வராதுக்கா. அதே ஒம்போது வோல்ட்டுத்தான்."

அக்கா ஷீட்டில் கையெழுத்துப் போட்டார். மில் பஸ் எத்தனை மணிக்கு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "சேகரு, கார்டு இருக்குற டெஸ்ட் பெட்டியில கரண்டை வெட்டுற சிவப்புப் பொத்தான் ஒண்ணு மாட்டு. இவ உசரத்துக்கு மாட்டு, தினமும் அங்க நிக்கப்போறவ இவதான்."

கார்டால் முடியாததையெல்லாம் மூன்று மாதத்தில் நான் தெரிந்துகொண்டேன், என்னால் முடியாததையெல்லாம் அவர்கள் தெரிந்துகொண்டார்கள், இருந்தும் கார்டையும் என்னையும், எங்கள் இரண்டு பேரையும் சோதனை மேஜையை விட்டு எடுக்காமல் வைத்திருக்கிறார்களே, அதைத்தான் நன்றி என்று எழுத உட்கார்ந்தேன்.