கொலுப்படியில் ஒரு பங்களா

பொம்மையைப் படம் எடுக்கறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. "கண்ணை மூடிட்டேன், இன்னொண்ணு எடுங்க"ன்னு ஒரு பொம்மையும் கேக்காது. மத்தபடி எல்லாமே அவஸ்தைதான். கல்யாண மண்டபத்துல சாப்பிடாம கொள்ளாம வெளிச்சம் தேடி அலைஞ்ச சகோதரர்களே, கைக்குழந்தையைச் சிரிக்க வைக்கக் கிலுகிலுப்பை ஆட்டிக் கை ஓய்ஞ்ச சகோதரிகளே, என் கதையைக் கேட்டா உங்க பாடு எவ்வளவோ தேவலைன்னு தோணும்.

ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரியில அப்போ எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. சுத்திலும் கம்பெனிங்க முளைச்சுக்கிட்டிருந்த நேரம். தென்காசி, சங்கரன்கோவில்னு நம்ம பக்கத்துப் பயலுக தோள்பையோட பஸ்ஸை விட்டு இறங்கின கையோட என் கடைக்குத்தான் வருவானுங்க. வேலைக்குச் சேரப் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேணுமே! நானும் கோவில்பட்டிக்காரன்தான். எத்தனையோ மூஞ்சிகளை எடுத்துட்டேன், ஒரு படத்துக்குக் கீழயும் என் பேர் வந்ததில்லை. ஐ.டி. கார்டுல யாருய்யா போட்டோகிராபர் பேரைப் போடறாங்க?

அப்படி இருந்தவனைத் தேடி ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர்லேருந்து வேதவல்லி மேடம் வந்தாங்க. பேங்க்ல ஆபீசர். வீட்டுக்காரர் கோயில்ல பிரபந்தம் சேவிக்கிறவர். மேடத்துக்கு வெளிநாட்டுப் பொம்மை சேர்க்கிற பைத்தியம். எல்லாம் ஒரு அடி உயரம், கை, கால், இடுப்பு எல்லாம் மடங்கும். அதுங்களுக்குப் புடவை கட்டி, கோட்டு மாட்டி, பழைய கறுப்பு வெள்ளை சினிமாவுல வர்ற மாதிரி சீன் அமைச்சு நான் படம் எடுக்கணும். உலகம் பூரா இருக்கிற பொம்மைப் பைத்தியங்க ஒண்ணா சேர்ந்து வருஷா வருஷம் ஒரு காலண்டர் போடறாங்களாம். படம் தேர்வானா, கீழே எடுத்தவர் பேரை அச்சடிப்பாங்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. "பேரா? என் பேரா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். மேடம் ஒரு பொம்மையை எடுத்து என் கையில கொடுத்துட்டுச் சொன்னாங்க: "உங்க பேர்தான், முருகேசன். முதல்ல அவ முந்தானையைச் சரி பண்ணுங்கோ."

மழை

முதல் சீன், கதாநாயகி குடை இல்லாம மழையில நிக்கணும். என் ரூம்மேட் சுடலைமுத்து திருநெல்வேலிப் பையன், கார் கம்பெனியில ஷவர் டெஸ்ட் லைன்ல வேலை. பெயிண்ட் ஷாப் தாண்டி வர்ற புதுக் காரை நிறுத்தி நாலு பக்கமும் தண்ணியைப் பீச்சி, உள்ளே சொட்டு இறங்குதான்னு பார்க்கிற லைன் அது. "மழையா? ஷிஃப்ட் பூரா நான் வேற என்னத்தண்ணே செய்யுதேன்?"னு மார்தட்டினான். காலி பெயிண்ட் டப்பாவுல ஆணியால பொத்தல் போட்டு, நாற்காலி மேல ஏறி ஊத்தினான். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை!

ஆனா புடவை, மேடம் ரவிக்கைத் துணியில தைச்சது. சாயம் போகும்னு எவனுக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்துல கதாநாயகி கழுத்துலேருந்து கால் வரைக்கும் ரோஸ் கலர். கடல் தாண்டி வந்த பொம்மை! தேங்காய் எண்ணெய், ஷாம்புன்னு எல்லாத்தையும் போட்டுத் தேச்சு, கடைசியில பல்பொடிதான் என் மானத்தைக் காப்பாத்துச்சு. சுடலை மட்டும் அசரவே இல்லை. பொம்மையை ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு சொன்னான்: "லீக் ஒண்ணும் இல்லண்ணே. பெயிண்ட் ஷாப்புலதான் கோளாறு."

புகை

அடுத்தது ஆவி சீன். வெள்ளைப் புடவை, விரிச்ச கூந்தல், கையில தீபம், சுத்திலும் பனி. பனிக்கு எங்கே போறது? சாம்பிராணியை அள்ளிப் போட்டேன். காத்து அடிச்சா புகை கலைஞ்சுடும்னு ஷட்டரையும் பாதிக்கு இறக்கி விட்டேன். புகை பிரமாதமா சூழ்ந்துச்சு. நான் இருமிக்கிட்டே குறி பார்க்கிறேன், ஷட்டர் அடியிலேருந்து ஒரு பக்கெட் தண்ணி பளார்னு உள்ளே வந்து விழுந்துச்சு.

கடைக்கு ஓனர் கன்னியப்பன் அண்ணன். அந்த ஊர்க்காரர். நெருப்புப் பிடிச்சுக்கிச்சுன்னு பதறி ஓடி வந்திருக்காரு. கேமரா தப்பிச்சது வல்லக்கோட்டை முருகன் புண்ணியம். சாம்பிராணித் தட்டையும் அதுக்கு நடுவுல நனைஞ்சு நிக்கிற ஆவியையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. இடுப்புல கையை வச்சாரு. "இன்னாபா முருகேசா, சாம்பிராணி போட்டா பேய் ஓடிப்பூடும்னு கேள்விப்பட்டுகீறேன். நீ இன்னாடான்னா பேயை நடுவுல நிக்க வச்சிகினு போட்டுகினு கீற!"

ஏரிக்கரை

காதலர்கள் பிரியற சீனுக்கு மணிமங்கலம் ஏரிக்கரைக்குப் போனோம். பொம்மை உயரத்துக்குக் கேமரா இறங்கணும்னா நாம குப்புறப் படுத்தாகணும். நான் மண்ணுல படுத்துக் கிடக்கேன். எதிரே புடவை கட்டி, குங்குமம் வச்சு, தலைவிரி கோலமா ஒரு பொம்மை. பக்கத்துல சுடலை மண்டி போட்டு அதையே உத்துப் பார்த்துக்கிட்டிருக்கான். பார்க்கிறவங்களுக்கு என்ன தோணும், நீங்களே சொல்லுங்க!

"ஏரியில செய்வினை வைக்கிறானுங்கடா!"ன்னு ஒரு குரல். நிமிர்ந்தா சுத்திலும் ஊர்க்காரங்க காலா இருக்கு. ஒருத்தர் என் சட்டைக் காலரைப் பிடிச்சுத் தூக்கிட்டாரு. "ஐயா, இது சினிமா சீன்"னு நான் கதறினது யார் காதுலயும் ஏறலை. நல்லவேளை, சுடலைக்குப் பயத்துல கை வேலையை நிறுத்தத் தெரியலை. மூக்கு மின்னுதுன்னு அவன் பொம்மைக்குப் பவுடர் ஒத்திக்கிட்டே இருந்தான். புல்லுக்கட்டோட வந்த ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக் குனிஞ்சு பார்த்தாங்க. சிரிப்பை அடக்க முடியலை அவங்களுக்கு. "செய்வினை வைக்கிறவன் பொம்மைக்கு ஊசி குத்துவான்டா, பவுடரா போடுவான்? வுடுங்கடா அவனை, சினிமாக்காரன்!"

கொலு

இவ்வளவு கஷ்டப்பட்டும் அனுப்பற மாதிரி ஒரு படம் தேறலை. மழைப் படத்துல கதாநாயகி ரோஸ், ஆவிப் படத்துல பக்கெட், ஏரிப் படத்துல ஊர்க்காரங்க கால். காலண்டருக்கு அனுப்ப மறுநாள்தான் கடைசி நாள். பணக்கார வீட்டுப் பெண் பங்களா மாடிப்படியில நிக்க, ஏழைக் காதலன் கீழே நின்னு அண்ணாந்து பார்க்கிற சீன் மட்டும் பாக்கி. தெர்மக்கோல்ல மாடிப்படி செஞ்சு, ஷேர் ஆட்டோவுல மடியில வச்சுக்கிட்டு, சுடலையோட ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேர்ந்தேன்.

மேடம் வாசல்லயே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. உள்ளே பார்த்தா நவராத்திரி கொலு. மூணாவது படியில, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல, என் கதாநாயகி! மேடத்தோட மாமியார் பட்டம்மா மாமி வேலை. "பட்டுப் புடவை கட்டிண்டு லக்ஷணமா இருக்கா, பெட்டிக்குள்ள கிடக்கறாளேன்னு எடுத்து வெச்சேன்"னாங்க. கலசம் வச்சாச்சு. இனி விஜயதசமி முடியற வரைக்கும் ஒரு பொம்மையையும் அசைக்கக் கூடாது. கெஞ்சினேன், கையைக் கூட எடுத்துக் கும்பிட்டேன். மாமி மசியலை. போச்சுடா, பேரும் போச்சு, காலண்டரும் போச்சுன்னு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துடுச்சு.

தரையில உட்கார்ந்து தலையைத் தூக்கினா, எதிரே வெள்ளை வேட்டி விரிச்ச ஏழு படி. பொம்மை உயரத்துலேருந்து பார்த்தா அது பளிங்கு மாடிப்படி! செட்டியார்தான் பணக்கார அப்பா, கச்சேரி செட்டுதான் விருந்து, கீழே மண்ணு கொட்டி முளைப்பாரி வச்ச பார்க்குதான் பங்களாத் தோட்டம். "மேடம், பங்களா!"ன்னு நான் போட்ட கூச்சல்ல தாம்பூலம் வாங்க வந்திருந்த மாமிங்க ரெண்டு பேர் எழுந்தே நின்னுட்டாங்க. பெட்டியில கிடந்த பழைய கோட்டுக் கதாநாயகனைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். "அந்தக் கோட்டு போட்டவன் படியேறப்படாது, கீழயே நிக்கட்டும்"னாங்க பட்டம்மா மாமி. நிக்கட்டும் தாயே, நிக்கட்டும், எனக்கு வேண்டியதே அதுதானே!

அடுத்த நிபந்தனை, கொலுவுக்கு வந்தவங்க பாடாம போகக் கூடாது. நான் குப்புறப் படுத்தாச்சு, அதனால சுடலை மாட்டினான். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஷிஃப்ட் தொடங்கும்போது கம்பெனியில சொல்ற பாதுகாப்பு உறுதிமொழிதான். கண்ணை இறுக மூடிக்கிட்டு, ஊர்க் கோயில் கொடையில கேட்ட வில்லுப்பாட்டு மெட்டுல, ஹெல்மெட்டும் கையுறையும் அணிவேன், அவசரப்பட்டு மெஷின்ல கையை விட மாட்டேன்னு இழுத்துப் பாடினான். மாமிங்க முந்தானையை வாயில வச்சு அடக்கிக்கிட்டாங்க. நான் சிரிச்சா படம் ஆடிடும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்து முடிச்சேன். பட்டம்மா மாமி மட்டும் சிரிக்காம, தாளம் போட்டு முழுசாக் கேட்டுட்டு மருமகள் பக்கம் திரும்பினாங்க: "சாகித்யம் புதுசா இருக்கு. பிள்ளையாண்டானுக்குச் சுண்டல் இன்னொரு கரண்டி போடு."

காலண்டர்

மறுநாள் காலையில பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து படத்தை அனுப்பினோம். அப்புறம் மாசக்கணக்கா ஒரு தகவலும் இல்லை. நானும் மறுபடி நீல பேக்ரவுண்டு, வெள்ளை பேக்ரவுண்டுன்னு ஓடிக்கிட்டிருந்தேன். ஒருநாள் மேடம் போன் பண்ணி, "உடனே ஆத்துக்கு வாங்கோ"ன்னாங்க. சுடலை ஓவர்டைமை விட்டுட்டு ஓடி வந்தான்.

கூடத்து மேஜை மேல காலண்டர். வழவழன்னு ஒரு பக்கம் பூராவும் எங்க கொலுப்படி பங்களா. கீழே சின்ன எழுத்துல, தெளிவா, என் பேர். விரலால தடவிப் பார்த்தேன். சுடலை என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். யார்கிட்டயாவது காட்டியே ஆகணுமே! பட்டம்மா மாமிகிட்ட ஓடி, "மாமி, இங்க பாருங்க, என் பேரு!"ன்னு காட்டினேன். மாமி கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் படத்தைப் பார்த்தாங்க, என் பேரை இல்லை. "உன் பேர் இருக்கட்டும்டாப்பா. இந்தப் பையன் பாவம், அண்ணாந்துண்டே நிக்கறான். அடுத்த கொலுவுக்கு அவனுக்கு ஒரு பஞ்சகச்சம் தைச்சு எடுத்துண்டு வா, மேல ஏத்தி அவ பக்கத்துலயே வெச்சுடலாம்."

ஆக, பேர் வாங்கக் கேமராவைத் தூக்கினவன், அதைக் கீழே வச்சுட்டு ஒரு அடி உயர மாப்பிள்ளைக்கு வேட்டி தைக்க உட்கார்ந்தேன்.