மதராஸ் தங்கச்சி

நான் முதன்முதலாக மனமார வெறுத்த ஆளை என் கண்ணால் கண்டதேயில்லை. அவள் மதராசில் இருந்தாள். பெயர் சீதம்மா.

ஆசிரியைப் பயிற்சியில் இருந்த என் அக்காவை, கூடப் படித்தவர்களோடு, கடல் தாண்டி மதராஸ் பள்ளிக்கூடங்களைப் பார்த்துவர மூன்று கிழமைக்கு அனுப்பினார்கள். அக்காவுக்குத் தங்க இடம் கிடைத்தது சீதம்மா வீட்டில். தெலுங்குக் குடும்பம், அவளும் அக்காவும் இங்கிலீசில்தான் பேசிக்கொண்டார்களாம். திரும்பி வந்து அக்கா பெட்டியைத் திறந்தபோது எனக்கு ஒரு சோடி வளையல் வந்தது. மற்றதெல்லாம் சீதம்மாதான். சீதம்மா இப்படிச் சிரிப்பாள், சீதம்மா தயிரை அப்படிப் பிசைவாள். எட்டு வயதில் எனக்கு வயிறு எரிந்தது.

“அவ என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுறவ. அவட பாஷையிலயும் அக்காவுக்கு அக்காதானாம்,” என்றாள்.

அந்தச் சொல் என்னுடையது. அதை இன்னொருத்தி எடுத்துக்கொள்ள யார் அனுமதி கொடுத்தார்கள்?

எரிகிறதில் அப்பா வேறு எண்ணெய் ஊற்றினார். எங்கள் பக்கத்தில் கலியாணமென்றால் வீடு பெண்ணுக்குத்தான். எத்தனை பெண்ணோ அத்தனை வீடு கட்டவேண்டும். அக்காவுக்குக் கட்டி முடித்து, எதையும் முந்திச் செய்கிற அப்பா, எங்கள் வீட்டு வளவின் மறுகரையில் எனக்கும் அத்திவாரம் வெட்டத் தொடங்கியிருந்தார்.

“மூணாவது பொம்புளப்புள்ளைக்கு வீடு கட்ட நான் எங்க போற? சின்னவள், உன்ட வீட்டத்தான் அந்த மதராஸ் புள்ளைக்குக் குடுக்க வேணும் போல கிடக்கு,” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் நம்பிவிட்டேன்.

சீதம்மாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். ஒருநாள் அக்கா கல்லடிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போயிருந்த நேரம், தபால்காரர் அதை என் கையில் தந்தார். இங்கிலீசு எனக்குத் தெரியாது; சீதம்மாவின் சாய்ந்த எழுத்துத் தெரியும். மேசன்மார் சோறு தின்னப் போயிருந்தார்கள். நேரே போய் அத்திவாரக் குழிக்குள் போட்டு, மண்ணைத் தள்ளினேன். பின்னேரம் அதன்மேல் கல்லும் சுண்ணாம்பும் ஏறின. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வருஷம் அங்கே வந்து மேலே படிக்க உங்கள் வீட்டில் இடம் கிடைக்குமா என்று அக்கா கேட்டு எழுதியிருந்தாள். நான் புதைத்தது அதற்கு வந்த பதில். இது எனக்குத் தெரியவந்தது பிறகு, அம்மாவும் அவளும் பேசியபோதுதான். தினமும் வாசல் படலையில் நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், இன்னொரு கடிதம் போட்டால் என்ன என்று அம்மா கேட்டார்.

“கேட்டது நான். ரெண்டாந்தரமும் கேக்க வெக்கமா கிடக்கும்மா,” என்றாள் அக்கா.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அக்கா மதராசுக்குப் போகவில்லை. சீதம்மாவின் பேச்சும் வீட்டில் நின்றுபோயிற்று. காலையில் எனக்குத் தலைபின்னிவிடும்போது அக்கா முன்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அக்கா முழுக்க எனக்கே கிடைத்துவிட்டாள் என்று நான் பூரித்துப்போனேன். அங்கே மதராசிலும் ஒருத்தி வாசலில் நின்று அக்காவின் கடிதத்துக்குக் காத்திருப்பாள், அவளுக்கும் இரண்டாந்தரம் எழுத வெட்கமாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.