வலது கையில் ஏறிய கனம்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் மேற்பார்வையாளரை எல்லோரும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட மூத்த கணக்கரும் அப்படித்தான் கூப்பிட்டார். வயது ஐம்பத்தாறு. கீழ்த்தளத்தில் ஐந்து துவைக்கும் மெஷின்கள், மூன்று உலர்த்திகள், நீராவியில் ஓடும் ஒரு இஸ்திரி உருளை, எட்டுப் பெண்கள், நாளொன்றுக்கு அறுநூறு விரிப்புகள். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போனதில்லை. அதை அவள் சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுப்பதும் இல்லை.

அவளுக்கு ஒரு தங்கை, நான்கு வயது இளையவள். தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் ஜன்னலில் வேலை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு இருவரும் ஒரே வீட்டில், ஒரே அறையில், இரண்டு கட்டில் போட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள். காலையில் சேர்ந்து கிளம்புவார்கள், மாலையில் சேர்ந்து திரும்புவார்கள். தெருவில் அவர்களுக்கு ரெட்டைக்கதவு என்று பெயர். பேசுகிற வேலை தங்கையுடையது. அக்கா 'ம்' கொட்டுவாள்.

ஐம்பத்திரண்டாவது வயதில் தங்கை கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மனைவியை இழந்தவர். ஒரே பார்சலை நான்கு முறை தப்பான முகவரி எழுதிக் கொண்டுவந்ததில் பழக்கம். பதிவு அலுவலகத்தில் பத்து நிமிஷத்தில் காரியம் முடிந்தது. பெரியக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அன்று மாலையே ஒரு கட்டிலும் ரேடியோவும் ஒரு சின்னப் பாத்திரமும் வண்டியில் ஏறிப் போயின. தெரு அவளை அதற்கப்புறம் ஒத்தைக்கதவு என்றது. அவள் காதுபடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

புது வீடு நடந்துபோனால் முக்கால் மணி நேரம். ஆனால் புதுக் குடித்தனத்தில் போய் உட்கார்ந்துகொள்வது சரியில்லை என்று பெரியக்கா போகவில்லை. அக்கா தன்மேல் கோபமாக இருக்கிறாள் என்று தங்கையும் வரவில்லை.

பெரியக்காவுக்குத் தான் வருத்தமாக இருப்பதாகத் தோன்றவே இல்லை. வலது கை கனப்பதாக மட்டும் தோன்றியது. காலையில் அலாரம் அடித்தபிறகும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். சாப்பாடு வாய்க்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகவேண்டிய பச்சைத் துணிக்கட்டைக் குழந்தைகள் வார்டுக்கு அனுப்பிவிட்டாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஊழியர்களைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனாள்.

"கை வலிக்குதா?"

"வலிக்கல. கனக்குது."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசம் முன்னாடி வீட்ல ஏதாவது நடந்துச்சா?"

"நல்லதுதான் நடந்துச்சு. தங்கச்சிக்குக் கல்யாணம்."

டாக்டரம்மா கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கைக்கு ஒண்ணுமில்ல. மனசுதான் சோர்ந்து போயிருக்கு."

"மனசு சோர்ந்தா கை ஏன் கனக்கணும்?"

"மனசுக்குன்னு தனியா ஒரு கை கிடையாதே."

பிறகு அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். மனம் தளரும்போது செய்யக்கூடிய எளிய காரியங்கள் என்று ஏழு இருந்தன. மூன்று வாரம் செய்து பாருங்கள், சரியாகவில்லை என்றால் மருந்து இருக்கிறது, பேசுவதற்கு ஆளும் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் வாருங்கள் என்றார்.

பெரியக்கா அந்தத் தாளை மெஷின் பழுதுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். வரிசைப்படி செய்வதென்று முடிவெடுத்தாள். சலவையில் அலசிவிட்டு ஊறவைக்க முடியாது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

முதல் காரியம் இளவெயிலில் இருபது நிமிஷம் இருப்பது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள், "சாவியத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. வெயில் காயறேன்."

"சரி" என்று எதிர்வீட்டுக்காரி சீக்கிரமே உள்ளே போய்விட்டாள்.

நெருங்கியவர் யாரிடமாவது மனம்விட்டுப் பேசுவது இன்னொன்று. தபால் நிலையத்துக்கே போன் செய்தாள்.

"என்னக்கா, என்ன ஆச்சு?" தங்கையின் குரல் பதறியது.

"ஒண்ணும் ஆகல. பேசணும்னு போட்டிருக்கு. பேசறேன்."

"எங்க போட்டிருக்கு?"

"தாள்ல."

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னலில் கூட்டம் நிற்கிறது என்று தங்கை வைத்துவிட்டாள். பேசியாயிற்று என்று பெரியக்கா தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டாள்.

தினமும் நடந்த மூன்று நல்ல விஷயங்களை எழுதச் சொல்லியிருந்தது. முதல் நாள் அவள் எழுதியது: 'நாலாம் மெஷின் நிற்காமல் ஓடியது. ஆண்கள் வார்டு விரிப்பில் சுருண்டு வந்த பல்செட் உரியவரிடம் சேர்ந்தது. மூன்றாவது இல்லை.' இரண்டாம் நாள்: 'நாலாம் மெஷின் ஓடியது. பல்செட்காரர் வீட்டுக்குப் போனார். மூன்றாவது, நாளை பார்க்கலாம்.'

பிறருக்கு உதவி செய்யவேண்டிய வாரத்தில் சலவைப் பிரிவே கலங்கிப்போனது. இஸ்திரி உருளையில் நிற்கிற பெண்ணிடம் போய், "நீ கொஞ்சம் உட்காரு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பெண் உட்காரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களைக் கூட்டி, "என்னை வேற எடத்துக்கு மாத்தப் போறாங்க" என்று கண்ணைக் கசக்கினாள். பெரியக்கா அன்றோடு உதவியை நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம் மாப்பிள்ளை சலவைப் பிரிவின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அவர் பெரியக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனால் முறை முறைதான்.

"வாங்க மாப்பிள்ள" என்றாள்.

"வணக்கம் அக்கா" என்றார். பையிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுத்தார். அதை மடித்திருந்த கோலம் பார்க்கச் சகிக்கவில்லை. "இத மடிக்கக் கத்துக் குடுக்கணும். நான் மடிச்சா உங்க தங்கச்சி ஒண்ணும் சொல்றதில்ல. பிரிச்சு மறுபடி மடிக்கிறா. தெனம் பாத்துட்டிருக்கேன்."

பெரியக்கா விரிப்பை வாங்கி உதறினாள். இரண்டு மூலையை அவர் கையில் கொடுத்தாள். "மூலைய விடாதீங்க. நான் வரும்போது நீங்களும் வாங்க. திரும்பாதீங்க."

அவர் திரும்பினார். மறுபடி கொடுத்தாள். இந்தத் தடவை அவள் வரும்போது அவர் பின்னால் போனார். விரிப்பு உருளைப் பெண்ணின் தலையில் மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை எப்படிச் செய்தாரோ தெரியவில்லை, இரண்டு கையும் உள்ளே போய், கழுத்துவரை சுற்றிக்கொண்டு, அசையாமல் நின்றார். ஆனால் இரண்டு மூலையையும் விடவில்லை.

"பார்சல் ரெடி" என்றாள் உருளைப் பெண். "முகவரி மட்டும் அவர எழுத விடாதீங்க."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது. பிறகு அடக்க முடியாமல், அழுக்குத்துணிக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எட்டுப் பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் வேலையப் பாருங்க" என்றாள்.

மாப்பிள்ளையை அவிழ்த்துவிட்டபிறகு அவர் போகாமல் நின்றார்.

"மடிக்கிறது ஒரு சாக்குதான் அக்கா" என்றார் மெதுவாக. "அவ காலைல எழுந்ததும் ரெண்டு டீ போடறா. நான் டீ குடிக்கிறதில்ல. ரெண்டையும் எதிர்ல வெச்சுக்கிட்டு உட்காந்திருக்கா. அப்புறம் ரெண்டையும் அவளே குடிச்சிடறா. கேட்டா ஒண்ணுமில்லங்கறா. எங்கிட்ட ஏதோ குறையோன்னு நெனச்சேன்."

"உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல" என்றாள் பெரியக்கா. "விரிப்பு மட்டும்தான்."

அன்று வேலை முடிந்ததும் தாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். தங்கைக்குப் பொருந்தாததை எல்லாம் அடித்தாள். பாட்டுக் கேளுங்கள் என்பதை அடித்தாள், அவள் ஏற்கெனவே ஓயாமல் கேட்கிறவள். மனம்விட்டுப் பேசுங்கள் என்பதையும் முதலில் அடித்தாள், பிறகு யோசித்து விட்டுவைத்தாள். நடைப்பயிற்சி என்று இருந்த இடத்தில் 'காலை ஆறு மணி, பஸ் டிப்போ சுவர்' என்று எழுதினாள். தாளை மடித்து, தானே கொண்டுபோய்த் தபால் நிலைய ஜன்னலில் நீட்டினாள்.

தங்கை படித்தாள். "கோவமில்லையாக்கா?"

"எதுக்குக் கோவம்? கை கனத்துச்சு, அவ்வளவுதான்."

"எனக்குத் தல கனக்குது."

"நாளைக்கு ஆறு மணிக்கு வா."

டிப்போ சுவர் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதல் நாள் இருவரும் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, அவரவர் கோடியில் நின்று காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் டிப்போவை இரண்டு சுற்று. கிட்டத்தட்ட மூன்று மாசப் பேச்சு பாக்கி இருந்ததால் தங்கை மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். பெரியக்கா 'ம்' கொட்டினாள். மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது, கைக் கனம் பாதி இறங்கியிருக்கிறது என்றாள். மீதிக்கு அவசரமில்லை என்றும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தங்கை வரவில்லை. பெரியக்கா குடை பிடித்துக்கொண்டு தனியாக ஒரு சுற்று நடந்தாள். பேச்சில்லாத சுற்று சீக்கிரம் முடிந்ததால் இன்னொன்றும் நடந்தாள். வீட்டுக்கு வந்து, ஈரம் மாற்றிக்கொண்டு, சும்மா படுத்தாள்.

பத்தரை மணிக்குக் கதவு இடிபட்டது. திறந்தால் தங்கையும் மாப்பிள்ளையும் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

"ஆறு தடவ போன் பண்ணிட்டேன். ஏன் எடுக்கல?"

"தூங்கிட்டேன்."

"நீயா? பகல்லயா?"

"ஆமா."

தங்கை அவள் கன்னத்தில் இருந்த தலையணைத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளையின் கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர். அவர் உள்ளே வந்து, சுவரோரம் இருந்த அலமாரியிடம், "உடம்புக்கு ஒண்ணுமில்லையே அக்கா?" என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ள" என்று பெரியக்கா பின்னாலிருந்து சொல்லி, ஆளுக்கொரு துண்டை எடுத்து நீட்டினாள்.