சாவு வீட்டுக்குப் பாயசம் கொண்டுபோனவன்

ஜெர்மனியில் நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் பாயசத்துக்கென்றே தனி அரிசி விற்கிறார்கள். பெயர் மில்ஷ்ரைஸ், அதாவது பாலரிசி. குண்டு குண்டாக லட்சணமாக இருந்ததால், வந்த புதிதில் இரண்டு மாதம் அதில்தான் சாம்பார் ஊற்றிப் பிசைந்தேன். சாதம் போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி வந்தது. என் கைப்பக்குவத்தைத்தான் திட்டிக்கொண்டேன். கீழ்வீட்டு ஹெல்கா அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்து, சர்க்கரை போட்டுக் கிளறிக் காட்டினார். அதையே ராத்திரிச் சாப்பாடாகவும் பரிமாறினார். வெறும் பாயசம்! சோறு பின்னால் வருமென்று காத்திருந்தேன். அவர் கணவர் கார்ல் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

2009இல் ஒரு சனிக்கிழமைக் காலை, சிதம்பரத்திலிருந்து மச்சான் போன்.

"மாமா, பொண்ணு பொறந்திருக்கா! கண்ணு அக்காவோடது. மூக்குதான் ஒங்களுது, பாவம்."

"அழுவுறாளாடா?"

"யாரு, அக்காவா பாப்பாவா?"

லீவு இல்லை. மகள் முகத்தைப் பார்க்க இன்னும் மாதக்கணக்கில் ஆகும். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பாலில் அரிசியைக் குழைய விட்டு, காடாம்புலியூர் முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டி, சட்டியோடு கீழே ஓடினேன்.

கதவைத் திறந்த ஹெல்காவின் கண்கள் வீங்கியிருந்தன. சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கார்ல் இறந்ததை உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

அதுதான் எனக்குச் செய்தியே. முன்பு எங்கள் ஊர் கடலூரில், எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அம்மா பாயசம் வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டில் ஒருவர் தவறிவிட்டார். அம்மா அடுப்பை அணைத்து, ஏலக்காய் வாசனை தெருவுக்குப் போகக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தினாள். நானோ இங்கே சாவு வீட்டு வாசலிலேயே சட்டியோடு நிற்கிறேன். எங்கள் தெருவாக இருந்தால் அதை என் தலையிலேயே கவிழ்த்திருப்பார்கள், நியாயமும் அதுதான். போதாக்குறைக்கு, எனக்குப் பிள்ளை பிறந்த தீட்டு, அவருக்குச் சாவுத் தீட்டு. இரண்டும் ஒரே வாசலில் நேருக்கு நேர்!

ஹெல்கா சட்டியை வாங்கி மேசையில் வைத்து, ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டார்.

"மனம் நொந்த நாளில் என் அம்மா இதைத்தான் தருவாள். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

எனக்கு என்ன தெரியும்! உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அடுத்த கரண்டி அவர் தொண்டையில் இறங்குமா?

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுங்கள் என்று ஹெல்கா கையசைத்தார்.

"மாமா, அங்க யாருக்காவது ஸ்வீட் குடுத்தீங்களா?"

"குடுத்தேன் மச்சான்."

"சந்தோஷப்பட்டாங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க."

"இருங்க, பாப்பா அழுவுறா, கேளுங்க."

ஒரு காதில் என் மகள் அழுதாள். மறு காதில், கரண்டியை வைத்துவிட்டு ஹெல்கா அழுதார். யாரைத் தேற்றுவதென்று தெரியாமல், இரண்டு பேருக்கும் பொதுவாகத் தமிழிலேயே சொன்னேன்:

"ஒண்ணுமில்ல கண்ணு. நான் இங்கதான இருக்கேன்."